மேலே என்று காட்டிய கை

கண்ணாடிக்காரருக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அவர் மனைவிக்குச் சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு போனது. இருவரும் காது கேளாதோர் பள்ளியில் ஒரே வகுப்பு. சண்டை போட்டுப் போட்டே கல்யாணம் வரை வந்துவிட்டவர்கள். அவர் ஒரு கடையில் ஜன்னல் கண்ணாடி அறுக்கிறார். அவள் பை தைக்கும் கம்பெனியில் ஜிப் பொருத்துகிறாள். ஆற்றை நோக்கிச் சரியும் ஒரு தெருவில், கடைசிக்கு முந்தின வீட்டின் மேல் போர்ஷனில் குடியிருந்தார்கள்.

கீழ் போர்ஷனில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவர் ஒருவர் தனியாக இருந்தார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள் கல்யாணமாகி நகரத்தின் மறுகோடியில் இருந்தாள். டிரைவருக்குக் காது நன்றாகக் கேட்கும். வாய் அதைவிட நன்றாக வேலை செய்யும். கண்ணாடிக்காரருக்குக் கேட்காது என்று தெரிந்தும் அவரிடம் தொண்டை கிழியக் கத்தித்தான் பேசுவார். தெருவே திரும்பிப் பார்க்கும். யாரைக் கூப்பிடுகிறாரோ அவர் மட்டும் பார்க்க மாட்டார்.

சைகை மொழியை டிரைவர் கற்றுக்கொண்டதில்லை. "இந்த வயசுல விரல் வளையாதுப்பா" என்று விரல் முட்டியைக் காட்டிச் சொல்லிவிட்டார். ஆனால் இருவருக்கும் நடுவில் தானாகவே ஒரு பாஷை உண்டாகியிருந்தது. காற்றில் சதுரம் வரைந்தால் கண்ணாடிக்காரர். ஸ்டியரிங்கைத் திருப்பினால் டிரைவர். மூக்கைப் பிடித்துக்கொண்டால் வீட்டுக்காரர் வாடகைக்கு வருகிறார் என்று அர்த்தம். சாயங்காலம் டிரைவர் மாடி ஏறி வந்து இவர்களோடு உட்கார்ந்து டிவியில் மல்யுத்தம் பார்ப்பார். அதற்கு மொழி எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பாஷையில் அடிக்கடி புழங்கிய ஒரு சைகை தண்ணீருக்கானது. தெருவில் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மாடிப் பால்கனியிலிருந்து பார்த்தால் தெருமுனைக் குழாயில் கூட்டம் சேர்வது தெரியும். பார்த்ததும் கண்ணாடிக்காரர் கீழே ஓடிப்போய் டிரைவர் வீட்டுக் கதவைத் தட்டுவார். பத்து விரலையும் ஆட்டிக் கைகளை மேலிருந்து கீழே இறக்கி, உள்ளங்கைகளைத் தரைக்கு மேலே பரப்புவார். தண்ணீர் வருகிறது. பிறகு மாடியைக் காட்டுவார். மேல் தொட்டி காலி. டிரைவர் கட்டை விரலை உயர்த்திவிட்டுப் பின்பக்கம் போவார். அங்கே மதிலை ஒட்டி, படி இறங்கிப் போகிற மாதிரி ஒரு பள்ளம். தரைத்தொட்டியும் மோட்டாரும் வால்வும் அதற்குள்தான். முதலில் மோட்டாரைப் போட்டுத் தரைத்தொட்டியில் மிச்சமிருப்பதை மேலே ஏற்றுவார்; பிறகு வால்வைத் திறந்து புதுத் தண்ணீரைப் பிடிப்பார். மோட்டாரின் சத்தத்தைக் கேட்டே அது சரியாக இழுக்கிறதா என்று சொல்லிவிடுவார் என்பதால் அந்த வேலை அவருக்கே என்று ஆகிவிட்டது.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு புயல் வந்தது. டிவியில் சைகை காட்டும் பெண் ஓரத்தில் தபால்தலை அளவுக்கு இருந்தாள். அவள் கைகள் மேலேயே அவசரச் செய்தி எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. எது புயல், எந்த ஊருக்கு, எப்போது, ஒன்றும் விளங்கவில்லை. டிரைவர்தான் மாடி ஏறி வந்தார். கன்னத்தை உப்பி ஊதினார், மரம் மாதிரி ஆடினார், ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார், கடைசியில் தானே மேஜைக்கு அடியில் புகுந்து காட்டினார். வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்ட அவரை இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். அன்று விடிய விடிய மூன்று பேரும் ஒரே அறையில் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு கண்ணாடிக்காரரின் மனைவி சும்மா இருக்கவில்லை. காது கேளாதோர் சங்கத்தில் சேர்ந்து மனு, ஊர்வலம் என்று அலைந்தாள். பல பேர் அலைந்ததன் பலனாக, டிவியோடு இணைக்கும் புது டிஜிட்டல் பெட்டி வந்தது. ஆபத்து என்றால் ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சி மூலைக்குச் சுருங்கிவிடும். சைகைக்காரப் பெண் திரையில் பாதிக்கு வந்து நிற்பாள். மீதிப் பாதியில் பெரிய எழுத்து. பார்வை இல்லாதவர்களுக்கு அதையே குரலில் வாசிக்கவும் செய்யும் என்றார்கள். பெட்டியோடு ஒரு சிவப்பு விளக்கையும் கொடுத்தார்கள். டிவி அணைந்திருந்தால்கூட அது மின்னும்.

அது மின்னியது ஒரு விடுமுறை நாளின் மதியத்தில். வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. கண்ணாடிக்காரர் சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்ந்திருந்தார். சுவரெல்லாம் சிவப்பு அடித்தது. டிவியைப் போட்டதும் சாம்பல் நிறச் சட்டை போட்ட ஒரு பெண் திரையில் நின்றாள். நிதானமாக, தெளிவாகச் சொன்னாள். மலைப்பக்கம் நேற்று முழுக்க மழை. அணையின் மதகுகளைத் திறந்துவிட்டார்கள். ஆற்றோரத் தெருக்களில் இருப்பவர்கள் உடனே மேல் தளத்துக்குப் போங்கள். பொருள்களை எடுக்க நிற்காதீர்கள். பக்கத்தில் அவர்கள் தெருவின் பெயரே எழுத்தில் வந்தது.

கண்ணாடிக்காரர் துள்ளி எழுந்தார். பயம்தான். ஆனால் பயம் மட்டும் இல்லை. இத்தனை வயதில் ஒரு செய்தி முழுசாக, யாரும் மென்று கொடுக்காமல், நேராக அவரிடம் வந்திருக்கிறது. கீழே டிரைவர் வீட்டு டிவி மதியத்தில் ஓடாது; மனிதர் தூங்குகிற நேரம். அவருக்கு இது தெரிந்திருக்காது. இன்றைக்கு நான் போய்ச் சொல்கிறேன் என்று தோன்றிய அந்த ஒரு நொடியில் அவருக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது. பின்னாளில் அவரைத் தின்றது அந்த நொடிதான்.

"நீ மொட்டைமாடிக்குப் போ. நான் அண்ணனைக் கூட்டிட்டு வரேன்" என்று மனைவியிடம் கையால் சொல்லிவிட்டு இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினார்.

டிரைவர் கதவைத் திறந்தபோது கண்ணில் தூக்கம் அப்படியே இருந்தது. கன்னத்தில் பாய்க் கோடு. கண்ணாடிக்காரர் விரல்களை ஆட்டிக் கைகளை மேலிருந்து கீழே இறக்கினார். தரைக்கு மேலே பரப்பினார். தண்ணீர் வருகிறது. இன்னும் பெரிதாக, இன்னும் வேகமாகச் செய்தார். நிறைய வருகிறது, சீக்கிரம் வருகிறது. மாடியைக் காட்டினார். மேலே, மேலே. டிரைவரின் கையைப் பிடித்து இழுத்தார்.

டிரைவரின் முகம் மலர்ந்தது. இரண்டு நாளாகக் குழாயில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு கண்ணாடிக்காரரின் தோளில் தட்டினார். கட்டை விரலை உயர்த்தினார். நீ போ, நான் வருகிறேன் என்று ஸ்டியரிங்கைத் திருப்பினார்.

புரிந்துவிட்டது என்று கண்ணாடிக்காரர் நினைத்தார். செருப்பைத் தேடுகிறார், சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்துவிடுவார். கடைசி வீட்டில் கைக்குழந்தையோடு ஒரு பெண் இருக்கிறாளே என்று ஞாபகம் வந்தது. அங்கே ஓடினார். அவள் போனில் செய்தி கேட்டுவிட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று தவித்துக்கொண்டிருந்தாள். அவளையும் அழைத்துக்கொண்டு படியேறி மொட்டைமாடிக்கு வந்தார்.

மாடியிலிருந்து பார்த்தபோது ஆறு இருந்த இடத்தில் ஆறு இல்லை. பழுப்பாக ஏதோ ஒன்று, அவசரமே இல்லாத மாதிரி, தோட்டங்களையும் கொட்டகைகளையும் மூடிக்கொண்டு வந்தது. கிட்டே வந்த பிறகுதான் அதன் வேகம் தெரிந்தது.

"அண்ணன் எங்கே?" என்று மனைவி கேட்டாள்.

அவர் படிப்பக்கம் திரும்பிப் பார்த்தார். யாரும் வரவில்லை. இறங்குவதற்காகத் தொட்டியைச் சுற்றிக்கொண்டு ஓடியவர், நிலை தடுமாறித் தொட்டிக்கு ஏறும் குழாயைப் பிடித்தார். குழாய் அதிர்ந்தது. தொட்டியின் மூடியைத் தள்ளிவிட்டுப் பார்த்தார். உள்ளே சுத்தமான தண்ணீர் குபுகுபுவென்று கொட்டிக்கொண்டிருந்தது.

தான் என்ன சொன்னோம் என்பதும், டிரைவர் அதை என்னவென்று எடுத்துக்கொண்டார் என்பதும் அப்போதுதான் கண்ணாடிக்காரருக்குத் தெரிந்தது.

அவர் கத்தினார். அவரிடமிருந்து வந்த அந்தச் சத்தத்தில் பக்கத்து வீட்டுக் குழந்தை வீறிட்டு அழுததாக அந்தப் பெண் பிறகு சொன்னாள். பின்பக்கச் சுவரில் வயிறு பட எட்டிப் பார்த்தார். பள்ளத்தின் படிகள் தெரிந்தன. மதில் அப்படியே நின்றது. பிறகு மதில் நிற்கவில்லை. சாய்ந்து, மொத்தமாகப் பள்ளத்தின் மேல் விழுந்தது. அதன் மேலே தண்ணீர் ஏறியது. அவர் திரும்ப ஓடி வந்து குழாயை இரண்டு கையாலும் பற்றினார். இன்னும் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. பிறகு நின்றுவிட்டது.

படிக்கட்டில் பாதி தூரம் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்றவரை, மனைவிதான் சட்டையைக் கொத்தாகப் பிடித்து மேலே இழுத்தாள். அவளுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. மறுநாள் தண்ணீர் வடிந்த பிறகுதான் டிரைவரை எடுத்தார்கள்.

துக்கத்துக்கு வந்த உறவுக்காரர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கண்ணாடிக்காரரால் சிலரின் உதட்டைப் படிக்க முடிந்தது. "வெள்ளம் வருதுன்னு ஊரே ஓடுது, இந்த மனுஷன் மோட்டார் போடப் போயிருக்காரு பாரேன்" என்றார் ஒருவர். "பிடிவாதம். எப்பவுமே அப்படித்தான்" என்றார் இன்னொருவர். டிரைவரின் மகள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அன்று மதியம் அப்பாவுக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்திருக்கிறாள். போன் சார்ஜில் கிடந்து தனியாக அடித்து ஓய்ந்திருக்கிறது. உறவுக்காரர்கள் சொல்வதை அவள் மறுக்கவும் இல்லை, ஆமாம் என்று தலையாட்டவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடிக்காரர் மனைவியிடம் சொன்னார். "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லணும்."

"என்னன்னு?"

"அவர் பிடிவாதக்காரர் இல்லைன்னு. நான் சொன்னதைத்தான் செஞ்சார்னு."

அவள் அவருடைய கைகளைப் பிடித்து நிறுத்தினாள். அவர்களுக்குள் அது வாயைப் பொத்துவது மாதிரி. பிறகு விட்டுவிட்டுச் சொன்னாள். "சொல்லி என்ன ஆகப்போகுது? அவளுக்கு அப்பா போயிட்டார். பழகின மனுஷங்கன்னு நாமளாவது அவளுக்கு மிச்சம் இருப்போம்."

மறுநாள் அவர் வேலைக்குப் போனார். கடையில் கண்ணாடி அறுக்கும்போது கோடு கோணலாகப் போய், முழுப் பலகைகள் வீணாயின. முதலாளி ஒன்றும் கேட்காமல் அவரைக் கொஞ்ச நாள் பாக்கிங்கில் போட்டார். வீட்டில் குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால், தண்ணீருக்கான சைகையைச் செய்யாமல் பானையை மட்டும் கையால் சுட்டினார். மனைவி அதைக் கவனித்தாள்.

சேறெல்லாம் காய்ந்து, தெரு மறுபடி தெரு மாதிரி ஆன பிறகு, ஆபத்து அறிவிப்புகளைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். காது கேளாதவர்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய் விசாரிக்கிறார்களாம். கூடவே சைகை மொழிபெயர்க்க ஒரு பெண். அவளைப் பார்த்ததும் கண்ணாடிக்காரர் எழுந்து நின்றுவிட்டார். அன்று திரையில் நின்ற அதே பெண். இன்று நீலச் சட்டை. டிவியில் தெரிந்ததைவிடக் குள்ளமாக இருந்தாள்.

மாடியில் வெயில் என்பதால் கீழே முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அன்று டிரைவரின் மகளும் வந்திருந்தாள். உள்ளே அப்பாவின் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்காரர் கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்.

"அறிவிப்பு வந்ததும் உங்களுக்கு உடனே தெரிஞ்சுதா?" என்று அதிகாரி கேட்டார். அந்தப் பெண் அதைக் கையால் சொன்னாள்.

"தெரிஞ்சுது."

"எழுத்து பெருசா இருந்துதா? சைகை புரிஞ்சுதா?"

"எல்லாம் புரிஞ்சுது. நீங்க ரொம்ப நல்லா சொன்னீங்கம்மா" என்று அவளிடமே சொன்னார். தன்னைப் பற்றியதை அவளே வாய்விட்டு மொழிபெயர்க்க வேண்டியிருந்ததால் அவள் முகம் சிவந்தது.

அதிகாரிக்குத் திருப்தி. "இந்த வீட்டுல அலர்ட் நாங்க நினைச்ச மாதிரியே வேலை செஞ்சிருக்கு. ரெண்டு பேரும் பத்திரமா இருக்கீங்க. கேக்கவே சந்தோஷமா இருக்கு."

'சந்தோஷம்' என்ற சொல்லுக்கு அந்தப் பெண்ணின் கை ஒரு கணம் தயங்கியது. அந்த வீட்டில் ஒரு சாவு நடந்திருப்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் சொன்னதைச் சொல்வதுதான் அவள் வேலை, சொன்னாள்.

கண்ணாடிக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். அவர் கைகள் எழுந்துவிட்டன.

"நீங்க எனக்குச் சொன்னீங்க. எனக்குப் புரிஞ்சுது. நான் அண்ணனுக்குச் சொன்னேன். எங்களுக்குள்ள தண்ணி வருதுன்னா குழாய்த் தண்ணிதான். மேலேன்னா தொட்டிதான். வேற தண்ணியை எப்படிச் சொல்றதுன்னு நாங்க பேசி வைக்கலை. புயலை அவர் எனக்குச் சொன்னாரு, மேஜைக்கு அடியிலேயே போய்க் காமிச்சாரு. நான் மேலேன்னு கையைக் காட்டிட்டு வந்துட்டேன். அவரைத் தூக்கிட்டு வந்திருக்கணும். வீடு மூழ்குற மாதிரி நடிச்சிருக்கணும். அவர் நான் சொன்னதைத் தட்டினதே இல்லை. மோட்டாரைப் போடுன்னு நான் சொன்னேன், அவர் போய்ப் போட்டாரு."

அந்தப் பெண் இதை 'நான்', 'நான்' என்று தன் குரலில் சொல்லிக்கொண்டே வந்தாள். பாதியில் அவள் கண்கள் கண்ணாடிக்காரரின் தோளுக்குப் பின்னால் போய் நின்றன. குரலும் நின்றது. அவர் திரும்பிப் பார்த்தார். கதவு நிலையில் டிரைவரின் மகள் நின்றுகொண்டிருந்தாள். கையில் பாதி மடித்த ஒரு போர்வை. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவள் காலடிச் சத்தம் அவருக்குக் கேட்காதே.

அவள் போர்வையை மடித்து முடித்தாள். அதை நாற்காலி முதுகில் போட்டாள். பிறகு மொழிபெயர்க்கும் பெண்ணிடம் சொன்னாள். "அவங்களைக் கேளுங்க. எங்கப்பா போறப்ப எப்படிப் போனாருன்னு கேளுங்க."

கண்ணாடிக்காரருக்குக் கேள்வி புரியவில்லை. மறுபடி கேட்கச் சொன்னாள்.

"கடைசியா எங்கப்பாவைப் பார்த்தது இந்த அண்ணன் மட்டும்தான். பயந்து போனாரா? எனக்குத் தெரியணும்."

கண்ணாடிக்காரர் எழுந்தார். சொல்வதற்குப் பதிலாக அவர் டிரைவராகவே மாறினார். தூக்கக் கலக்கத்தில் கதவைத் திறந்தார். கன்னத்தைச் சொறிந்தார். தண்ணீர் என்றதும் முகம் அகலமாக விரிய, தூக்கத்தில் காய்ந்திருந்த உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். தோளில் தட்டினார். கட்டை விரல். ஸ்டியரிங். பிறகு இடது காலைக் கொஞ்சம் இழுத்து, கிளட்சிலேயே கிடந்து வலி கண்ட அந்தக் காலோடு, ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பின்பக்கத்தைப் பார்த்து நடந்தார். டிரைவருக்கே உரிய நடை, இம்மி பிசகாமல்.

மகள் வாயை மூடிக்கொண்டாள். முதலில் அவள் சிரித்தாள். அப்பா நடப்பதை அப்படியே பார்த்த சிரிப்பு அது. சிரிப்பு அப்படியே உடைந்தது. நிலையைப் பிடித்துக்கொண்டு கீழே சரிந்து உட்கார்ந்தாள். கண்ணாடிக்காரரின் மனைவி ஓடிப்போய் அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அதிகாரி எழுந்து, என்ன செய்வது என்று தெரியாமல் வாசல் பக்கம் போய் நின்றார்.

வெகு நேரம் கழித்து மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "எல்லாரும் பிடிவாதம்னு சொன்னாங்க. நானும் மனசுக்குள்ள அவரைத் திட்டிக்கிட்டே இருந்தேன், ஏம்ப்பா போனேன்னு." அவள் கண்ணாடிக்காரரைப் பார்த்தாள். "உங்க மேல கோபம் இல்லைன்னு இப்போ என்னால சொல்ல முடியலைண்ணா. அப்படிச் சொன்னா அது பொய்."

அந்தப் பெண் அதையும் ஒரு சொல் விடாமல் சொன்னாள். கண்ணாடிக்காரர் தலையசைத்தார்.

அன்று சாயங்காலம் வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு அவள் போனாள். பல மாதம் அவளிடமிருந்து எந்தத் தகவலும் இல்லை. வீட்டுக்காரர் பள்ளத்தை மூடிவிட்டு மோட்டாரை மேலே மாற்றினார். கீழ் போர்ஷனுக்கு வெள்ளையடித்தார். ஒரு நர்ஸும் அவள் கணவனும் குடிவந்தார்கள்.

அவர்கள் வந்த அன்றே கண்ணாடிக்காரர் போனை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுத்துத் தமிழ் அவருக்குச் சரளமில்லை. கையில் வரும் மொழியின் வரிசை வேறு. 'நாங்கள் மேல் வீடு காது இல்லை. டிவி ஆபத்து வந்து கதவு தட்டு. நீங்கள் மாடி வா. மோட்டார் போகாதே' என்று எழுதினார். நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டிரைவரின் மகளுக்கு அனுப்பி, தப்பு திருத்து என்று கேட்டார்.

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் வந்தது.

'நாங்க மேல் வீட்டுக்காரங்க. எங்களுக்குக் காது கேட்காது. டிவியில் ஆபத்துன்னு அறிவிப்பு வந்தா, கதவை உடைக்கிற மாதிரி தட்டுவோம். அப்போ எதுவும் யோசிக்காதீங்க. எங்க கையைப் பிடிச்சுக்கிட்டு மொட்டைமாடிக்கு வந்துடுங்க.' கடைசி வரியை அவள் எடுத்துவிட்டிருந்தாள். கீழே தனியாக, 'நல்லா இருக்கீங்களா அண்ணா?' என்று ஒரு வரி.

கண்ணாடிக்காரரும் மனைவியுமாகக் கீழே இறங்கிப்போய் மணியை அழுத்தினார்கள். நர்ஸ் போனை வாங்கி நின்ற இடத்திலேயே இரண்டு முறை படித்தாள். கணவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். இருவரும் உள்ளே வரும்படி கைகாட்டினார்கள். கண்ணாடிக்காரரின் மனைவி போனாள். அவர் வாசற்படியில் கால் வைத்தவர், அப்படியே நின்றுவிட்டார். சுவரில் தண்ணீர் நின்ற தடம் சுண்ணாம்புக்குக் கீழே மங்கலாகத் தெரிந்தது. உள்ளே வேறு யாருடைய கட்டிலோ, வேறு யாருடைய துணிகளோ கிடந்தன.

நர்ஸின் கணவன் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். ஒரு நாற்காலியை எடுத்து வந்து வாசலுக்கு வெளியே போட்டான். கண்ணாடிக்காரர் அதில் உட்கார்ந்தார்.